ஏழு திண்மங்கள்

திரையில் ஒரு கூம்பு. நுனியைச் சீவிவிட்ட கூம்பு. அகன்ற வாயின் விட்டம் 120 மில்லிமீற்றர், ஒடுங்கிய வாய் 70, நீளம் 130. அளவுகள் வெண்பலகையில் நீல மையில் எழுதியிருக்கின்றன. முள்ளியவளையிலிருந்து வரும் பிள்ளை மவுசின் நடுச்சில்லை அமத்திப் பிடித்து அந்தக் கூம்பை மேலும் கீழும் உருட்டிப் பார்க்கிறாள். தான் கீறிய நாலு கோடு ஓர் அச்சைச் சுற்றித் திண்மமாய் எழும்பி நிற்பதை அவளால் பார்த்து முடியவில்லை. பக்கத்துக் கதிரைக்காரன் தன் திரையை விட்டுவிட்டு அவளுடையதை எட்டிப் பார்க்கிறான்.

"என்னண்டு உனக்கு மட்டும் வந்தது?"

"நீ கோட்டை முட்ட வைக்கேல்ல. அங்க பார், மூலையில இடைவெளி கிடக்கு."

அவன் தன் மூலையைப் பெரிதாக்கிப் பார்க்கிறான். கிடக்கிறது.

கிளிநொச்சி நகரத்திலிருந்து ஏ-9 வீதியால் தெற்கே முறுகண்டிக்குப் போகிறவர்கள் அறிவியல் நகரைக் கடந்துதான் போகவேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் அங்கே இருக்கின்றன. ஜேர்மன் உதவியோடு கட்டி 2016 இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் அங்கேதான். நான் பின்வரிசையில் பேசாமல் இருந்து பார்க்கும் இந்தச் சனிக்கிழமை வகுப்பு அவ்வளவு பெரிய இடத்தில் நடப்பதல்ல. ஒரு மண்டபம், சுவரோரம் கணினிகள், இரண்டு மின்விசிறி. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்கள் சிலர். பட்டறைகளில் வேலை செய்துகொண்டே வருகிறவர்கள் சிலர். வவுனியாவிலிருந்து ரயிலேறி வரும் ஒருவன். படிப்பிக்கிறவர் முப்பதுக்குள் இருக்கக்கூடிய பெண். எல்லோருக்கும் அவர் மிஸ்.

இன்றைய பாடம், ஒரே கோப்புக்குள் பல திண்மங்களை வைத்து ஒரு பாகத்தை உருவாக்குவது. பாடநூல்களில் இதற்கு வழக்கமாக வரும் உதாரணங்கள் நம் கண்ணில் பட்டிராத ஏதாவது இயந்திரத்தின் தாங்கியோ குழாய் இணைப்போ ஆகத்தான் இருக்கும். மிஸ் அதை எடுக்கவில்லை. வயலில் களை எடுக்கும் கோனோ வீடரை எடுத்திருக்கிறார். பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான கருவி அது. தமிழ்நாட்டில் செம்மை நெல் சாகுபடி பரவியபோது ஊரூராய்ப் போய்ச் சேர்ந்தது. நீண்ட கைபிடி, முன்னால் சேற்றில் அமிழாமல் வழுக்கிப் போக ஒரு மிதவை, அதற்குப் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாய் இரண்டு கூம்பு உருளைகள். ஒன்றின் அகன்ற வாய் இடப்பக்கம், மற்றதன் அகன்ற வாய் வலப்பக்கம். ஒவ்வொரு உருளையைச் சுற்றியும் ஆறு தகடுகள்: ஒன்று வெறும் தகடு, அடுத்தது பல் வெட்டிய தகடு, மாறி மாறி. நெல் வரிசைகளுக்கு நடுவே தள்ளியும் இழுத்தும் போனால் களையைப் பிடுங்கிச் சேற்றுக்குள்ளேயே அமத்திவிடும்.

இதை அவர் தேர்ந்தெடுத்ததில் எனக்குப் பெரிய சந்தோசம். இரணைமடுத் தண்ணீரில் நெல் விளையும் ஊரில் இருந்துகொண்டு பிள்ளைகள் முதன்முதலாய்த் திண்மமாக வரையும் பொருள் வயலுக்குள் இறங்குகிறதாய் இருக்கவேண்டும். 2015 இல் கிளைபோசேற்றுக்குத் தடை வந்தது. 2021 இல் உரத்தோடு சேர்த்துக் கிருமிநாசினி, களைநாசினி எல்லாவற்றின் இறக்குமதியையும் நிறுத்தினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் தடையைத் தளர்த்திவிட்டாலும், அந்தக் காலபோகத்தில் களையோடு பட்ட பாட்டை இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நல்ல களைக்கருவி ஒன்றைத் தங்கள் மண்ணுக்கு ஏற்றபடி திருத்திக் கீறத் தெரிந்த ஆட்கள் வன்னிக்குள்ளேயே இருப்பது அவசியம் என்று நான் நினைக்கிறேன்.

"இப்ப இடப்பக்கப் பட்டியலைப் பாருங்கோ," என்கிறார் மிஸ். "சொலிட் பொடிஸ் எண்டு ஒரு ஃபோல்டர் கிடக்கும். பக்கத்தில அடைப்புக்குறிக்குள்ள என்ன இலக்கம்?"

"ஒண்டு."

"அந்த இலக்கத்தில இண்டைக்கு முழுக்க ஒரு கண் இருக்கவேணும்."

அடுத்தது தகடு. கூம்பின் அச்சு ஊடாகப் போகும் தளத்தில் ஒரு நீள்சதுரம் கீறி, இரு பக்கமும் சமமாய்த் தடிப்பேற்றி 4 மில்லிமீற்றருக்குக் கொண்டுவரவேண்டும். தடிப்பேற்றும் கட்டளையின் பெட்டிக்குள் ஒரு சின்னச் சதுரம், அதற்குள் ஒரு சரி அடையாளம்: மேர்ஜ் ரிசல்ட். அது இருந்தால் புதிதாய் எழும்பும் திண்மம் பழையதோடு ஒட்டி ஒன்றாகிவிடும். எடுத்துவிட்டால் இரண்டும் ஒரே கோப்புக்குள் தனித்தனியே நிற்கும். பல திண்மப் பாகம் என்பதன் வாசல் அந்தச் சதுரந்தான். இவர்கள் பழகும் சொலிட்வேர்க்ஸ் மென்பொருள் 1995 இல் வந்த நாளிலிருந்து பல பதிப்புகள் வரை இந்த வசதி இருக்கவில்லை. ஒரு பாகக் கோப்பென்றால் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே திண்மமாகத்தான் இருக்கவேண்டும். 2003 பதிப்பில்தான் அந்தக் கட்டு அவிழ்ந்தது.

மிஸ் சொன்னதைக் கேட்டுப் பாதிப் பேர் சரி அடையாளத்தை எடுக்கிறார்கள். மீதிப் பேர் கேட்டுக்கொண்டே எடுக்காமல் விடுகிறார்கள். மிஸ் அதைக் கவனிக்கிறார், திருத்தவில்லை. அடுத்த கட்டளையைச் சொல்கிறார்: ஷெல். கூம்பின் அகன்ற முகத்தைத் தெரிந்து, ஒன்றரை மில்லிமீற்றர் தகரத்தை மட்டும் விட்டு உள்ளே கோறையாக்குவது. எல்லோருடைய திரையிலும் கூம்பு திறந்துகொள்கிறது. எல்லோருக்கும் சரி வந்ததுபோலத்தான் தெரிகிறது.

"இனி வெட்டிப் பாருங்கோ."

குறுக்குவெட்டுக் காட்சி. இங்கேதான் வகுப்பு இரண்டாய்ப் பிரிகிறது. அடையாளத்தை எடுத்தவர்களின் தகடு நிறை தகடாகவே நிற்கிறது. எடுக்காத ஒருவனின் தகட்டுக்குள் ஒரு மில்லிமீற்றர் அகலத்தில் நீளக் கீற்று ஓடி, கூம்பின் வயிற்றுக்குள் போய்த் திறக்கிறது. நாலு மில்லிமீற்றரில் இரண்டு பக்கமும் ஒன்றரை ஒன்றரையாய்த் தகரம் விட்டால் மிச்சம் ஒன்று. மென்பொருள் தன் கணக்கைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. வெளியே பார்த்தால் திடமான இரும்புத் தகடு, உள்ளே உளுத்த பனஞ்சிலாகை.

"சேறு பட்டு ரெண்டாம் நாளே மடங்கும்," என்கிறான் அவன், யாரும் சொல்வதற்கு முன்பே.

"ஏன் வந்தது?"

"ஒட்டினாப்பிறகு கோறையாக்கினபடியால்."

"அப்ப?"

"தனியா விட்டுக் கோறையாக்கிப்போட்டு ஒட்டவேணும்."

மிஸ் தலையாட்டிவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்கிறார். இதை அவர் முதலிலேயே பலகையில் எழுதிப் போட்டிருக்கலாம். பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொண்டும் போயிருப்பார்கள். அந்தக் கீற்றைத் தன் திரையில் கண்டவன் இனி அந்தச் சதுரத்தைப் பார்க்காமல் தடிப்பேற்றமாட்டான்.

தகட்டை அச்சைச் சுற்றி 60 பாகை தள்ளி ஒரு பிரதி. அடைப்புக்குறிக்குள் மூன்று. பிரதியில் பல் வெட்டவேண்டும். பல் வெட்டும்போது தருமபுரத்துப் பெடியனுக்கு வேறொரு சிக்கல். முக்கோணங்களைக் கீறி வெட்டுக் கொடுத்தான்; தகட்டில் பல் வந்துவிட்டது, கூம்பிலும் மூன்று இடத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. வெட்டு எந்தெந்தத் திண்மத்தைத் தொடலாம் என்று கேட்கும் பகுதி அதே பெட்டியின் அடியில் இருக்கிறது. தானாகத் தெரிவு செய் என்று விட்டால் வழியில் அகப்பட்டதையெல்லாம் வெட்டும். அவன் தானியங்கித் தெரிவை எடுத்துவிட்டு, பிரதித் தகட்டை மட்டும் தொட்டுக்காட்டுகிறான். கூம்பின் ஓட்டைகள் மூடிக்கொள்கின்றன. பல் அப்படியே நிற்கிறது. அவன் அதை ஒருமுறை பின்னோக்கிச் செய்து ஓட்டைகளைத் திரும்ப வரவைத்துப் பார்க்கிறான், பிறகு மறுபடியும் மூடுகிறான். அவசரப்படுத்த யாருமில்லை.

வெறும் தகடும் பல் தகடும் சேர்ந்து அச்சைச் சுற்றி 120 பாகைக்கு ஒரு தரம், மூன்று தரம். கூம்பு ஒன்று, தகடு ஆறு. அடைப்புக்குறிக்குள் ஏழு.

கடைசியில் ஒட்டும் கட்டளை, கம்பைன். அதில் மூன்று வழி உண்டு: கூட்டு, கழி, பொதுவானதை மட்டும் எடு. மிஸ் இதற்கு மென்பொருள் விளக்கத்துக்குள் போகாமல் நேரே சாதாரண தரக் கணிதத்துக்குப் போகிறார். பலகையில் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு வட்டம்.

"தொடைகள் படிச்சனீங்களெல்லோ? வென் வரிப்படம்?"

"ஓம் மிஸ்."

"ஒன்றிப்பு எண்டால் இது கூட்டு. இடைவெட்டு எண்டால் பொதுவானது. ஒண்டுக்குள்ளயிருந்து மற்றதை எடுத்தால் கழி. அவ்வளவுதான். ஜோர்ஜ் பூல் எண்ட ஆள் கணினி வாறதுக்கு எத்தினையோ காலத்துக்கு முதலே அடித்தளம் போட்டு வைச்ச வேலை."

அந்த இரண்டு வட்டத்தைப் பார்த்ததும் வகுப்பில் ஓர் இளக்கம் தெரிந்தது. பரீட்சைக்கென்று படித்து மூடிவைத்த ஒன்று இரும்பை ஒட்டவும் வெட்டவும் திரும்பி வந்திருக்கிறது.

முள்ளியவளைப் பிள்ளைக்கு ஒட்டவில்லை. கம்பைனை அமத்துகிறாள், சிவப்பு எச்சரிக்கை வருகிறது. திரும்ப அமத்துகிறாள். பட்டியலில் ஏழு ஏழாகவே நிற்கிறது.

"மிஸ், என்ர ஒட்டுதில்லை. எல்லாம் முட்டிக்கொண்டுதானே நிக்குது?"

"முட்டுதோ? கிட்டப் போய்ப் பாரும்."

அவள் சில்லை உருட்டி உருட்டிக் கிட்டப் போகிறாள். தகடும் கூம்பும் சந்திக்கும் இடம் திரையை நிறைக்கிறது. இன்னும் கிட்ட. அப்போது தெரிகிறது: தகட்டின் அடி நடுக்கோட்டில் மட்டும் கூம்பைத் தொடுகிறது; இரண்டு விளிம்பும் அந்தரத்தில். தகட்டின் அடி தட்டையானது, கூம்பின் முதுகு வளைந்தது. நடுவிலிருந்து இரண்டு மில்லிமீற்றர் தள்ளிப் போவதற்குள், ஆரை 35 உள்ள ஒடுங்கிய பக்கத்தில், கூம்பு ஏறத்தாழ 0.06 மில்லிமீற்றர் கீழே இறங்கிவிடுகிறது. அகன்ற பக்கத்தில் 0.03. கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. ஒரு கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு திண்மங்களை ஒன்றாக்கினால் அந்தக் கோட்டில் தடிப்பே இல்லாத பொருள் பிறக்கவேண்டும். அப்படியொரு பொருள் உலகத்தில் கிடையாது. மென்பொருள் மறுப்பது அதனால்தான். மறுப்பது நல்லது.

"அடிக்கோட்டை ஒரு மில்லிமீற்றர் உள்ளுக்கு இறக்கும்."

அவள் பட்டியலில் மேலே ஏறி, முதல் தகட்டின் வரைபைத் திறந்து, அடிக்கோட்டை இறக்குகிறாள். வெளியே வந்ததும் கணினி ஒரு கணம் யோசிக்கிறது. முதல் தகடு அமிழ்கிறது, பிரதி அமிழ்கிறது, சுற்றிப் போட்ட மற்ற நாலும் அமிழ்கின்றன. ஒன்றைத் திருத்த ஆறும் திருந்துகின்றன. பிறகு கம்பைன். அடைப்புக்குறிக்குள் ஒன்று.

"மூண்டு மில்லிமீற்றர் இறக்கினால் இன்னும் வலுவா இருக்காதே மிஸ்?"

"தகரம் எவ்வளவு தடிப்பு?"

அவள் பதில் சொல்லவில்லை, சிரிக்கிறாள். ஒன்றரை மில்லிமீற்றர்த் தகரத்தில் மூன்று இறக்கினால் தகடு உள்வயிற்றுக்குள் எட்டிப் பார்க்கும்.

இதற்கிடையில் வவுனியாக்காரன் எல்லாரையும் முந்திக்கொண்டு அச்சாணியையும் அதே கோப்பில் வரைந்து, எட்டாவது திண்மமாக்கி, எட்டையும் சேர்த்து ஒட்டியும்விட்டான். பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது. மிஸ் அவனுக்குப் பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்க்கிறார்.

"தம்பி, உருளை சுத்துமோ?"

"சுத்தும் மிஸ்."

"எதில சுத்தும்?"

"அச்சாணியில."

"அச்சாணியோட ஒட்டிப்போட்டு அச்சாணியில எப்பிடிச் சுத்தும்?"

அவன் கையை மவுசிலிருந்து எடுத்துவிடுகிறான். அவர் அங்கேயே நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்கிறார். ஒன்றை ஒன்று சார்ந்து அசையவேண்டியவை ஒரே பாகத்துக்குள் திண்மங்களாக இருக்கக்கூடாது. அவை தனித்தனிக் கோப்பாகி, அசெம்பிளியில் வந்து சந்திக்கவேண்டும். பாகத்துக்குள் இருக்கும் திண்மங்களுக்குச் சுழலவோ வழுக்கவோ தெரியாது, நிற்கத்தான் தெரியும். அவனுடைய அச்சாணியும் வீண் போகவில்லை. அதை ஒட்டாமல் கழிக்கச் சொல்கிறார். ஒடுங்கிய வாயை மூடியிருந்த தகரத்தில் வட்டத் துளை விழுகிறது. அச்சாணியின் விட்டமும் துளையின் விட்டமும் ஒன்றாகவே இருந்தால் இறுகிவிடும் என்று அவனே சொல்லி, துளைக்குக் கொஞ்சம் இடம் விடுகிறான்.

அவனிடம் வீட்டில் ஒரு பழைய மடிக்கணினி இருக்கிறது. அதில் ஃபிரீகாட். சொலிட்வேர்க்ஸ் வாங்கக் கட்டுப்படியாகாதவர்களுக்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. காசு இல்லை, திறந்த மூலம், யாரும் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் பழக்கம் வேறு. 2018 இல் வந்த 0.17 பதிப்பிலிருந்து அதில் பொடி என்பது ஒரு கொள்கலன். அதற்குள் ஒட்டிய ஒரே திண்மந்தான் இருக்கலாம் என்பது நெடுங்கால விதி. 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில்தான் ஒரே கொள்கலனுக்குள் பிரிந்த திண்மங்களையும் அனுமதிக்கத் தொடங்கினார்கள். பழைய பதிப்பென்றால் கூம்புக்கு ஒரு கொள்கலன், தகடுகளுக்கு வேறு கொள்கலன்கள், பிறகு பூலியன். கேட்கும் கேள்வி அங்கும் இதேதான்: எப்போது பிரித்து வைப்பது, எப்போது ஒட்டுவது.

தருமபுரத்துப் பெடியன் கையை உயர்த்துகிறான்.

"எங்கட வயலுக்குள்ள இது ஓடாது மிஸ். நாங்கள் வீசித்தானே விதைக்கிறனாங்கள்."

உண்மை. வன்னியில் பெரும்பாலும் வீச்சு விதைப்பு. வரிசை இல்லாத வயலில் இந்தக் கருவி நெல்லையும் சேர்த்து அமத்தும். மிஸ் மறுக்கவில்லை.

"ஓம். வரிசை வேணும். அதுக்குத்தான் அடுத்த மாதம் உருளை விதைப்புக் கருவி கீறுவம். ரெண்டையும் சேத்துத்தான் யோசிக்கவேணும்."

கேட்டவனுக்கு அந்தப் பதில் போதுமானதாய் இருந்தது. எனக்கும்தான். தெரிந்த வயலை மனதில் வைத்துக்கொண்டு ஒருவன் திரையைக் கேள்வி கேட்கிறான் என்பதற்கு மேல் ஒரு வகுப்பில் என்ன நடக்கவேண்டும்?

மூலையில் இருக்கும் பரந்தன் பிள்ளை இவ்வளவு நேரமும் வாய் திறக்கவில்லை. அவனுடைய தகப்பன் வெல்டிங் கடை வைத்திருக்கிறார். அவன் திரையில் எல்லாம் ஒழுங்காய் இருக்கிறது: கோறையான கூம்பு, ஒரு மில்லிமீற்றர் இறங்கிய தகடுகள், பல், துளை. அடைப்புக்குறிக்குள் மட்டும் இன்னும் ஏழு.

"நீர் ஏன் ஒட்டேல்ல?"

"அப்பா ஏழு துண்டாத்தானே மிஸ் வெட்டுவார்? ஒண்டாக்கினால் தகட்டின்ர அளவை அவருக்கு எங்கயிருந்து எடுத்துக் குடுக்கிறது?"

மிஸ் பக்கத்துக் கதிரையை இழுத்துப்போட்டு இருக்கிறார். இன்றைக்கு அவர் இருந்தது இதுதான் முதல் தடவை.

"சரியான கேள்வி. எல்லாரும் இஞ்ச திரும்புங்கோ."

வார்ப்பாலைக்குப் போகிற பொருளென்றால் ஒன்றாக்கவேண்டும். உருகிய இரும்பு ஒரே அச்சுக்குள் ஒரே துண்டாகத்தான் இறுகும். வெல்டிங் கடைக்குப் போகிறதென்றால் ஏழாகவே விடவேண்டும், தகட்டின் அடியை மட்டும் உள்ளுக்கு இறக்காமல் கூம்பின் மேற்பரப்பு வரைக்கும் நிறுத்தவேண்டும். ஒரு மில்லிமீற்றர் இறக்கியது திரையில் ஒட்டுவதற்காக. கடையில் அந்த 0.06 இடைவெளியை ஒட்டுக்கம்பி உருகி நிரப்பிவிடும். அந்த ஏழிலிருந்தே பட்டியல் எடுக்கலாம்: கூம்பு 1, வெறும் தகடு 3, பல் தகடு 3. ஒவ்வொரு திண்மத்தையும் தனிக் கோப்பாகச் சேமித்துத் தனி வரைபடம் போடலாம். தகட்டைப் பேப்பரில் ஒன்றுக்கு ஒன்று அளவில் அச்சடித்து வெட்டி, இரும்பில் வைத்துச் சுண்ணாம்புக் கட்டியால் கீறினால் கிரைண்டர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

"கூம்பு?" என்கிறான் அவன். "தகரத்தை எப்பிடி வெட்டிச் சுருட்டுறது?"

மிஸ் பலகைக்குப் போகிறார். சாய்ந்த பக்கம் ஏறத்தாழ 132. விரித்துப் போட்டால் கூம்பு ஒரு விசிறித் துண்டு: வெளிவில்லின் ஆரை ஏறத்தாழ 318, உள்வில் 185, நடுக்கோணம் 68 பாகை. தகரத்தின் தடிப்பையும் ஒட்டுக்கு விடவேண்டிய விளிம்பையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவன் எழுதிக்கொள்கிறான். மற்றவர்களும் எழுதுகிறார்கள். ஏற்கனவே ஒட்டிவிட்ட இரண்டு பேர் பட்டியலில் கம்பைனை வலச்சொடுக்கி முடக்கிவிட்டு ஏழுக்குத் திரும்புகிறார்கள்.

அந்தக் கேள்வியைப் பட்டறையில் வளர்ந்த பிள்ளைதான் கேட்டிருக்கமுடியும். மென்பொருள் கற்பிக்கும் இடங்களில் இப்படிப்பட்ட பிள்ளைகள் இன்னும் நிறைய இருக்கவேண்டும். திரையில் திறமானவர்களை வேறு இடத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். எந்தத் துண்டு எந்தக் கையால் வெட்டப்படப் போகிறது என்று தெரிந்தவன் பரந்தனிலும் ஒட்டுசுட்டானிலும் நெடுங்கேணியிலுந்தான் இருக்கிறான். அவனுக்குக் கணினிக்கு முன்னால் ஒரு கதிரை வேண்டும்.

மணியாகிவிட்டது. முள்ளியவளைப் பிள்ளை பையை எடுத்துத் தோளில் போட்ட பிறகும் திரையை மூடவில்லை.

"மிஸ், ரெண்டாவது உருளை எதிர்ப்பக்கம் பாத்தெல்லோ நிக்கவேணும். அதுக்குத் திரும்ப முதலிலயிருந்து கீறவேணுமோ? இல்லாட்டி மிறர் போடுறதோ?"

"ரெண்டும் வேண்டாம். அசெம்பிளிக்குள்ள இதே ஃபைலை ரெண்டு தரம் போடும். ஒண்டைத் திருப்பி வையும். பிறகு பல்லின்ர ஆழத்தை இஞ்ச மாத்தினீர் எண்டால் அங்க ரெண்டிலயும் மாறும். அடுத்த சனிக்கிழமை அதுதான் வேலை."